காரணம்: மரக்கிளை

மாநில மக்கள் அனைவருக்கும் பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கப்படுவது யாதெனில், இன்று முற்பகல் பத்து மணி நாற்பது நிமிடம் முதல் இம்மாநில எல்லைக்குள் காரணம் தெரியாத நோய் என்று எதுவும் கிடையாது. மனிதகுலம் தோன்றிய நாள்தொட்டு வானத்தைப் பார்த்து 'எனக்கு மட்டும் ஏன்?' என்று கேட்டுவந்த கேள்விக்கு நோய்க் காரண ஆணையம் நிரந்தரமாக விடையளித்துவிட்டது. இனி எவரும் வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அருகிலுள்ள நலவாழ்வு நிலையத்துக்குப் போய்ச் சுவரிலுள்ள தகட்டில் கையை வைத்தால் போதுமானது.

இந்த அறிவிப்பை 2061-ஆம் ஆண்டின் ஒரு சனிக்கிழமையன்று, ராகுகாலம் முடிந்து சரியாகப் பத்து நிமிடம் கழித்து, ஆணையத் தலைவர் திரு. கலியபெருமாள் திருச்சியில் ஒரு பந்தலின் கீழ் நின்று வாசித்தார். வாசித்து முடித்ததும் அவருக்கு அறுபத்திரண்டு பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. நாற்பதாவதுக்குப் பிறகு மூச்சு முட்டியது. காரணம் எல்லோருக்கும் கண்ணெதிரே தெரிந்ததால் ஆணையத்தின் சாதனைக்குக் களங்கம் எதுவும் நேரவில்லை.

அங்கிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, சோழமண்டல மின் விநியோகக் கழகத்தின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து சுவர்த்திரையில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் வேதவல்லி. இடது காதுக்குக் கீழே கழுத்திலிருந்த கட்டியை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாள். நேற்று இருந்த இடத்திலேயே இருந்தது. நேற்றைவிடக் கொஞ்சம் பெரிதாகவும் பட்டது. வலிக்கவில்லை. வலித்திருந்தால் தேவலை என்று பர்வீன் டாக்டர் சொல்லியிருந்தார்.

வேதவல்லிக்கு நாற்பத்தேழு வயது. இருபத்தெட்டில் லூபஸ் வந்தது. உடம்பைக் காவல் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரரைப் பிடித்து அடிக்கும் நோய் அது. ஒரு வருஷம் மூட்டைப் பிடிக்கும், இன்னொரு வருஷம் சிறுநீரகத்தில் கை வைக்கும். வெயில் பட்டால் மூக்கின் இரண்டு பக்கமும் கன்னம் சிவந்து தடிக்கும். மார்கழியிலும் குடை பிடித்துப் போகிற அம்மா என்று தெருவில் அவளுக்கு அடையாளம். ஆனாலும் லூபஸோடு அவளுக்குப் பெரிய விரோதம் எதுவும் இல்லை. பத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தால் யாரோடும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்துவிடலாம். அவளுடைய விரோதமெல்லாம் 'தெளிவு' என்ற இயந்திரத்தோடுதான்.

தெளிவு வந்த கதை நியாயமான கதைதான். முப்பது வருஷத்துக்கு முன்னால் தும்மினவனுக்கெல்லாம் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நிஜமாகவே நோய் உள்ளவன் வரிசையின் கடைசியில் நின்று செத்தான். அதனால் ஓர் இயந்திரம் செய்தார்கள். தகட்டில் கையை வைத்தால் அது வலிக்காமல் ஒரு சொட்டு ரத்தம் எடுக்கும், பழைய கோப்பைப் படிக்கும், கோடிக்கணக்கான பேரின் உடம்போடு ஒப்பிடும், இன்ன அறிகுறிக்கு இன்ன காரணம் என்று சொல்லும். பெரும்பாலும் சரியாகவே சொல்லும். பின்னாலேயே சட்டமும் வந்தது. காரணம் தெரிந்த அறிகுறிக்கு மேற்கொண்டு சோதனை கிடையாது. 'காரணம் காணப்படவில்லை' என்று தெளிவு ஓர் எண் கொடுத்தால்தான் ஸ்கேன் அறையின் கதவு திறக்கும், பயாப்சி ஊசியின் உறை பிரியும். அரசு மருத்துவமனையிலும் அப்படித்தான், தனியாரிடமும் அப்படித்தான்.

இதில் வேதவல்லிக்கு என்ன கஷ்டம் என்றால், லூபஸால் வராத அறிகுறி என்று உலகத்தில் அநேகமாக எதுவுமே கிடையாது. காய்ச்சல் என்று போனாள், லூபஸ் என்றது. ஆறு கிலோ எடை குறைந்தது, லூபஸ். ராத்திரியில் ஜாக்கெட் நனைகிற அளவுக்கு வேர்த்தது, லூபஸ். கட்டிக்கும் லூபஸ், தொண்ணூற்றேழு சதவீதம். ஒரு நாள் காலையில் இரும்பு பீரோவில் இடித்துக்கொண்டு கால் கட்டைவிரல் வீங்கியது. வேண்டுமென்றே போய்த் தகட்டில் கையை வைத்தாள். லூபஸ், தொண்ணூற்று நாலு சதவீதம். பீரோவின் பங்கு அதற்குத் தெரியவில்லை.

அவள் கணவன் குணசீலன் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். சதவீதம் என்ற சொல்லைக் கேட்டால் எழுந்து நிற்கிற ஆள்.

“தொண்ணூத்தேழுன்னா சும்மாவா வேதா? பரீட்சையில யாரு எடுக்கறா?”

“மிச்சம் மூணு என் கழுத்துலதாங்க இருக்கு,” என்றாள் அவள்.

பர்வீன் டாக்டர் லூபஸ் மருத்துவர். பன்னிரண்டு வருஷமாக வேதவல்லியைப் பார்க்கிறவர். தெளிவு வந்த பிறகு டாக்டர்களின் வேலை, தெளிவு சொன்னதை நோயாளிக்குப் புரிகிற மாதிரி திருப்பிச் சொல்வது என்று சுருங்கிவிட்டது. அந்த வேலையைச் செய்யும்போது அவர் முகம் புளியைக் கடித்தது போல இருக்கும்.

“லூபஸ் உள்ளவங்களுக்கு நெறி கட்டறது சாதாரணம். அது உண்மை,” என்றார் பர்வீன். “லூபஸ் உள்ளவங்களுக்கு நிணநீர்ப் புற்று வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிடச் சில மடங்கு ஜாஸ்தி. அதுவும் உண்மை. ஜாஸ்தின்னதும் பயந்துடாதீங்க, பெரும்பாலானவங்களுக்கு வரவே வராது. ஆனா வலிக்காத கட்டி, ரெண்டு மாசமாப் போகலை, எடையும் குறையுது. ஊசி குத்திப் பார்த்தே ஆகணும்.”

“இந்த ரெண்டாவது உண்மை மெஷினுக்குத் தெரியாதா டாக்டர்?”

“நல்லாத் தெரியும். நான்தான் எழுதிக் குடுத்தேன். ஆனா ஒரு அறிகுறிக்கு ஒரு காரணம் எழுதத்தான் கட்டம் இருக்கு. உங்க கட்டத்துல லூபஸ் ஏற்கெனவே வந்து உக்காந்திருக்கு.”

“அப்போ எனக்குப் புற்று வர வாய்ப்பு ஜாஸ்திங்கறதுக்குக் காரணமும் லூபஸ். அது இருக்கான்னு பார்க்க விடாததும் லூபஸ்.”

“ஆமா.”

“எனக்கு வெறும் சுகர் மட்டும் இருந்திருந்தா?”

“போன மாசமே பார்த்திருப்பாங்க,” என்றார் பர்வீன்.

டாக்டர் ஆணையத்துக்கு ஐந்து கடிதம் எழுதினார். வேதவல்லி தன் பங்குக்கு இரண்டு எழுதினாள். பதினோராம் நாள் பதில் வந்தது. 'தங்கள் கட்டிக்கான காரணம் ஏற்கெனவே கண்டறியப்பட்டுள்ளதால், தங்கள் கட்டி இத்துடன் முடித்துவைக்கப்படுகிறது' என்று அதில் இருந்தது. குணசீலன் அதை இரண்டு முறை படித்துவிட்டு, நல்ல செய்திதானே என்று கேட்டான். வேதவல்லி குடையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினாள்.

ஆபீசில் அன்று கண்ணாடிக்காரத் தெருவின் புகார் பதினாலாவது தடவையாக வந்திருந்தது.

இந்த இடத்தில் புகார்ப் பிரிவின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். மின்தடைப் புகார் எதுவாக இருந்தாலும் சாயங்காலத்துக்குள் முடித்தாக வேண்டும். முடிக்க வேண்டுமானால் 'காரணம்' என்ற கட்டத்தை நிரப்பியாக வேண்டும். காரணம் தெரியாதபோது என்ன எழுதுவது என்பதற்கு வேதவல்லி வேலைக்குச் சேர்வதற்கு முன்பே யாரோ ஒரு புண்ணியவான் விடை கண்டுபிடித்து வைத்திருந்தார்: மரக்கிளை உரசல். மரத்தை யாரும் விசாரிக்க மாட்டார்கள், மரமும் மறுத்துப் பேசாது. இருபது வருஷத்தில் வேதவல்லியே பல ஆயிரம் மரக்கிளைகளை எழுதியிருந்தாள். இந்தப் பதிவுகளை எங்கேயோ வைத்து எண்ணிப் பார்த்த ஓர் அமைப்பு, நாட்டிலேயே அடர்த்தியான மரங்கள் உள்ள நகரம் என்று இரண்டு வருஷத்துக்கு முன் திருச்சிக்கு விருது கொடுத்தது. விருதை வாங்கிக்கொண்டு வந்தவர்கள் வெயில் தாங்காமல் ரயிலடியிலேயே மயங்கி உட்கார்ந்தார்கள்.

கண்ணாடிக்காரத் தெருக்காரர் எழுதியிருந்தார்: 'எங்கள் தெருவில் மரம் இல்லை. கம்பமும் இல்லை. கேபிள் பூமிக்கடியில் போகிறது. உரசுகிற மரக்கிளை எங்கே இருக்கிறது என்று தெரிவித்தால் அதன் நிழலில் போய் உட்கார்ந்துகொள்வோம்.'

பதின்மூன்று தடவையும் இதைப் படித்துவிட்டுச் சிரித்திருக்கிறாள். பதினாலாவது தடவை சிரிப்பு வரவில்லை. தன் கழுத்துக்கு வந்த பதிலும் இதுவும் ஒரே கையெழுத்தில் இருப்பது போலத் தோன்றியது. அந்தக் கையெழுத்து தன்னுடையது என்பது அதைவிட எரிச்சலாக இருந்தது.

லைன்மேன் ஞானப்பிரகாசம் அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகிறவர். பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக்கொண்டே வழி சொன்னார்.

“மரத்தை வெட்டியாச்சுன்னு எழுதிடுங்க மேடம். அதுக்கப்பறமும் கரண்டு போனா, காரணம் இல்லைன்னு ஆயிடும். அப்போ தோண்டித்தான் ஆகணும். சிஸ்டமே ஆள் அனுப்பும்.”

“இல்லாத மரத்தை எப்படிண்ணே வெட்டறது?”

“இல்லாத மரத்தை நட்டது யாரு? நாமதானே?”

வேதவல்லி மரத்தை வெட்டினாள். பிறகு அரை நாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு நேராகப் பர்வீன் டாக்டரிடம் போய், என் லூபஸை வெட்டிவிடுங்கள் என்றாள்.

டாக்டருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். நோய் நீங்கியது என்று கோப்பில் எழுதுகிற அதிகாரம் அவருக்கு இருந்தது. இதுவரை ஒரு லூபஸ்காரருக்கும் எழுதியதில்லை, ஏனென்றால் ஒருவருக்கும் நீங்கியதில்லை. அடங்கியிருக்கும், அவ்வளவுதான். எழுதியது பொய் என்று தெரிந்தால் உரிமம் போய்விடும்.

அது தன்னுடைய பாடு என்று டாக்டர் சொன்னார். வேதவல்லியின் பாடு வேறு. வீட்டுச் சுவரிலுள்ள மருந்துப் பெட்டி தினமும் காலையில் அவள் விரலுக்குத் திறந்து அன்றைய மாத்திரையைக் கொடுக்கிறது. கோப்பில் லூபஸ் இல்லையென்றால் மறுநாளே அது திறக்காது.

“ஸ்டீராய்டைத் திடீர்னு நிறுத்தினா ஆளையே சாய்ச்சிடும். மத்த மாத்திரை நின்னா சிறுநீரகம் மறுபடி கிளம்பும். உங்க ஆபீஸ் மரம் கற்பனை. உங்க லூபஸ் கற்பனை இல்ல வேதவல்லி.”

“தெரியும் டாக்டர். பிஸ்கட் டப்பா ஒண்ணு இருக்கு.”

டோஸ் மாறும்போதெல்லாம் மிஞ்சிய மாத்திரைகளை அவள் தூக்கிப் போட்டதில்லை. எந்தக் குடும்பத்துப் பெண்ணும் போடமாட்டாள். சிறுநீரக மாத்திரை பதினாறு நாளைக்கு இருந்தது, ஸ்டீராய்டு அதைவிடச் சில நாள் கூடுதலாக. அதற்குள் ஊசி குத்தி, விடை தெரிந்து, லூபஸைத் திரும்ப எழுதிவிட வேண்டும்.

“நான் எழுதப்போறது பொய்ம்மா,” என்றார் பர்வீன்.

“இருபது வருஷமா நான் எழுதறதும் அதுதான்.”

டாக்டர் எழுதினார். அவர் எழுதி முடிக்கிறவரை வேதவல்லி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

மறுநாள் காலை தகட்டில் கையை வைத்தபோது, எப்போதும் ஏழு நொடியில் பதில் சொல்கிற தெளிவு நாலு நிமிடம் வாயைத் திறக்கவில்லை. காய்ச்சல், எடை, வேர்வை, கட்டி எல்லாம் இருந்தன. காரணத்தின் நாற்காலியில் உட்கார ஆளைத்தான் காணவில்லை. கடைசியில் திரை சிவப்பாயிற்று. 'காரணம் காணப்படவில்லை.' நிலையத்தில் இருந்த நர்சுக்கு அந்தச் சிவப்பு எதைக் குறிக்கிறது என்றே தெரியவில்லை. அவள் வேலைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, அதற்குள் அது எரிந்ததில்லை.

ஆணையத்துக்குத்தான் நன்றாகத் தெரிந்தது. காரணம் தெரியாத நோயே இல்லை என்று அறிவித்து முப்பத்தொரு நாள்தான் ஆகியிருந்தது. மாநிலத்திலுள்ள அத்தனை கோடிப் பேரில் காரணம் இல்லாமல் ஒரே ஒரு பெண்பிள்ளை நிற்கிறாள் என்றால் எப்படி இருக்கும்? பத்து நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. அதன் பின்னால் ஒரு கார் வந்தது. காரிலிருந்து வந்த அதிகாரி, அம்மா எங்களை மன்னிக்க வேண்டும் என்று கைகூப்பினார். எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை. இரண்டு மாதம் பூட்டியிருந்த கதவுகளெல்லாம் ஒரே மத்தியானத்தில் திறந்தன. ஸ்கேன் எடுத்தார்கள். நாலாம் நாள் பயாப்சி செய்தார்கள். கலியபெருமாளே தொலைபேசியில் கூப்பிட்டு, கவலைப்படாதீங்க, உங்களுக்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடிக்காமல் ஓயமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார்.

பதினோராம் நாள் கண்டுபிடித்தார்கள். நிணநீர்ப் புற்று. ஆரம்பக் கட்டம். இப்போதே தொடங்கினால் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது, இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் கதை வேறு என்று டாக்டர் சொன்னார். தொண்ணூற்றேழைப் பற்றி அதற்குப் பிறகு குணசீலன் பேசவே இல்லை. வேதவல்லிக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தார்கள். அவளுக்கு வந்தது ஆத்திரம்தான். இரண்டு மாதமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த ஒன்றை இப்போது எல்லோரும் சேர்ந்து அவளுக்கே மெதுவாக எடுத்துச் சொன்னார்கள்.

“சரி டாக்டர். இனிமே லூபஸைத் திரும்பப் போட்டுடுங்க.”

பர்வீன் போட்டார். தெளிவு ஏற்கவில்லை. மறுபடி போட்டார். ஒரு நோயைப் புதிதாகச் சேர்க்க வேண்டுமானால், காரணம் இல்லாத அறிகுறி ஒன்றாவது இருக்க வேண்டும். வேதவல்லியிடம் அப்படி எதுவும் இல்லை. மூட்டு வலிக்குக் காரணம் நிணநீர்ப் புற்று. சோர்வுக்கும் அதுதான். சிறுநீரில் புரதம் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது, அதற்கும் அதுதான். காலியான நாற்காலியில் புதிய ஆள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டான். பத்தொன்பது வருஷத்துப் பழைய கோப்பைக் காட்டினால், அது முன்பு செய்யப்பட்ட தவறான நோயறிதல் என்று தெளிவு குறித்துக்கொண்டது.

புற்றுக்குக் கொடுக்கிற மருந்தே லூபஸையும் கொஞ்ச நாள் அடக்கிவைக்கும் என்று பர்வீன் சொன்னார். அதைத் தொடங்க இன்னும் மூன்று வாரம் ஆகும். அதுவரைக்கும் என்ன செய்வது, மருந்து முடிந்த பிறகு என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நின்றது. நீங்கள் எழுதியது பொய்யென்று ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்று வேதவல்லி கேட்டாள். நேற்றே ஒப்புக்கொண்டு எழுதி அனுப்பிவிட்டதாக டாக்டர் சொன்னார். லூபஸ் இல்லை என்பது தெளிவால் உறுதிசெய்யப்பட்டிருப்பதால் தாங்கள் எழுதியது பொய்யல்ல என்று பதில் வந்திருந்தது. பாராட்டும் தெரிவித்திருந்தார்கள்.

அன்று ஆபீசில் ஞானப்பிரகாசம் சிரித்துக்கொண்டே வந்தார். கண்ணாடிக்காரத் தெருவைத் தோண்டிவிட்டார்கள். கேபிள் இரண்டு இடத்தில் போயிருந்தது. ஓரிடத்தில் தண்ணீர் இறங்கியிருந்தது, இன்னோரிடத்தில் எலி. ஆனால் கட்டம் ஒன்றுதான் இருக்கிறது, எதை எழுதட்டும் என்று கேட்டார். வேதவல்லி கட்டத்தின் கோட்டைத் தாண்டி, ஓரத்து வெள்ளையில் இரண்டையும் எழுதினாள். சிஸ்டம் அதை வாங்க மறுத்தது. காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

பதினைந்தாம் நாள் பாராட்டு விழா. லூபஸ் இல்லையென்று நிரூபிக்கப்பட்ட முதல் பெண்மணி என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். வேதவல்லி போனதற்கு ஒரே காரணம், கலியபெருமாளிடம் நேரில் ஒரு வார்த்தை கேட்கலாம் என்பதுதான். டப்பாவில் சிறுநீரக மாத்திரை ஒரு நாளைக்குத்தான் பாக்கி இருந்தது. சித்திரை மாதம், காலை பதினோரு மணி, மேடைக்கு மேலே துணிகூட இல்லை. குடையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். லூபஸ் இல்லாத அம்மா குடை பிடித்துக்கொண்டு நின்றால் படத்தில் நன்றாக இருக்காது என்றார்கள்.

கலியபெருமாள் முக்கால் மணி நேரம் பேசினார். ஓர் உடல், ஓர் அறிகுறி, ஒரு காரணம் என்பதே ஆணையத்தின் தாரக மந்திரம் என்றார். நடுவில் வேதவல்லியைக் காட்டி, அம்மாவின் முகம் பூரிப்பில் எப்படிச் சிவந்திருக்கிறது பாருங்கள் என்றார். மூக்கின் இரண்டு பக்கமும் கன்னம் எரிந்தது. பொன்னாடை போர்த்த அவர் பக்கத்தில் வந்தபோது அவள் மெதுவாகக் கேட்டாள்.

“ஐயா, அந்தக் கட்டத்தை ரெண்டாப் பிரிக்க முடியாதுங்களா?”

அவர் நல்ல மனிதர். உண்மையிலேயே ஒரு நொடி யோசித்தார்.

“பிரிக்கலாம்மா. ஆனா அப்பறம் ரெண்டுல எது நிஜம்னு ஜனங்க குழம்பிடுவாங்க.”

பிறகு அவள் கையைப் பிடித்து, மேடையில் வைத்திருந்த தகட்டில் எல்லோரும் பார்க்க வைத்தார். ஏழு நொடி ஆயிற்று. முகத்தில் சிவப்புத் தடிப்பு, காரணம் நிணநீர்ப் புற்று, தொண்ணூற்றாறு சதவீதம் என்று பெரிய திரையில் பச்சை எழுத்தில் வந்தது. மைதானமே கைதட்டியது.

வேதவல்லிக்கு இரண்டு நோயும் இருந்தன.